கொப்பரையை விட்டுட்டுப் போனவன்

ஏனுங்க, இந்த ஜன்னலோரத்துக்கு ஆள் வருதுங்களா? வரலீங்களா. அப்பச் சரி, உக்காந்துக்கறனுங்க. பையக் கொஞ்சம் மடியில வெச்சுக்கங்க, எறக்கத்துல உருளும். நீங்க எந்தூருங்க? கும்பகோணமா! அமாவாசைக்குப் பழனிக்குப் போறீங்களாக்கும். நல்லதுங்க. இந்தக் காங்கயம், தாராபுரம் பக்கமெல்லாம் சொந்தம், பழக்கம்னு உங்களுக்கு யாராச்சும் இருக்கறாங்களா? இல்லீங்களா. சும்மாதான் கேட்டனுங்க.

எம்பட பேரு ராக்கியப்பனுங்க. காங்கயத்துல தேங்காய்க் களமும் எண்ணெய் ஆலையும் வெச்சிருக்கறனுங்க. வீட்டுல கார் நிக்குது, டிரைவரும் இருக்கறான். ஆனாக் கார்ல போனா டிரைவருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரிஞ்சா அவன் பொண்டாட்டிக்குத் தெரியும், பொழுது சாயறதுக்குள்ள ஊருக்கே தண்டோரா. அதான் பஸ்ஸு. தாராபுரத்துல ஒரு வக்கீலம்மாவப் பாத்து ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வரோணும். ஒரு ஆள வேலைய விட்டு நீக்கற காகிதமுங்க. இன்னைக்குப் போட்டா முடிஞ்சுது.

எங்கப்பா காலத்துல இதுக்கெல்லாம் காகிதமா இருந்துச்சு? "நாளையிலிருந்து வராதே"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிருவான். இப்ப அப்படி இல்லீங்க. பொண்ணு பாத்துக் கட்டறதுகூடச் சுலுவு, ஒரு ஆள வெளிய அனுப்பறதுதான் சங்கடம்.

அந்த ஆளு பேரு அம்மாசைங்க. அமாவாசையில பொறந்தவன். எங்க களத்துல கொப்பரை காயப் போடறவன். எங்கப்பா இருக்கறப்பவே வந்து சேந்தவன். எனக்கு எளையவன்தான். அவன நிப்பாட்டோணும்னு வக்கீலம்மாகிட்டப் போனேன். தமயந்தின்னு பேரு. தொழிலாளர் கேசுன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல அவங்கதான்னாங்க. "காரணம் என்னங்க?"ன்னு கேட்டாங்க. "காரணம் எதுக்குங்க, நான் மொதலாளி, எனக்கு வேண்டாம்"னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு, "வேண்டாம்கறதெல்லாம் காரணம் ஆகாதுங்க. அவர் என்ன தப்புப் பண்ணாருன்னு எழுதிக் குடுக்கோணும், அவர்கிட்ட வெளக்கம் கேக்கோணும், வெளியாள் ஒருத்தர வெச்சு விசாரிக்கோணும். தப்பு நிரூபணமாகோணும். இல்லைன்னாக் கோர்ட்டுல நிக்காது, திரும்ப நீங்களே வேலைக்குக் கூப்புட்டு வெச்சுக்க வேண்டியதுதான்"னு சொன்னாங்க. சொல்லிப்போட்டு ஒண்ணொண்ணாக் கேக்க ஆரம்பிச்சாங்க.

"திருடினாரா?"

அம்மாசையாவது திருடறதாவது! கெடங்குச் சாவியே அவன் இடுப்புலதான் தொங்குது.

"குடிச்சுட்டு வேலைக்கு வந்தாரா?"

டீயே அரை டம்ளர்தானுங்க குடிப்பான். அதுவும் அவிய டம்ளர்ல. எங்க களத்துல வித்தியாசமெல்லாம் பாக்கறதில்லீங்க. அவிய டம்ளர் தனியா இருக்கும், அவியளே கழுவி வெச்சுக்குவாங்க, அவ்வளவுதான்.

"அடிக்கடி சொல்லாம நின்னுக்குவாரா?"

இல்லீங்க. அவனுக்கு ஒரு பையன் இருந்தான், கை கால் வெளங்காத பையன். மீசை மொளைச்சும் பாயிலயேதான் கெடந்தான். எல்லாத்தையும் எடுத்துக் கழுவிவுட்டு, தொடைச்சு, சோறூட்டிப்போட்டுத்தான் களத்துக்கு வருவான். அப்பவும் லேட்டா வந்ததில்ல. அந்தப் பையன் செத்துக் காரியம் முடிஞ்ச மறுநாளே கொப்பரையத் தள்ளிக்கிட்டு நின்னான்.

"சொன்ன பேச்சக் கேக்காம எதுத்துப் பேசுனாரா? கெட்ட வார்த்தை ஏதாச்சும் பேசுனாரா?"

இங்கதானுங்க நான் நிமிந்து உக்காந்தேன். "ஒரு வார்த்தை பேசுனானுங்க"ன்னேன்.

"என்ன வார்த்தை?"

"மரியாதையில்லாத வார்த்தைங்க."

"வார்த்தையச் சொன்னாத்தானுங்களே எழுத முடியும்."

பொம்பளைகிட்ட எப்படீங்க சொல்றது? ஆம்பளைகிட்டத்தான் எப்படிச் சொல்றது? "சரி, வேலை இல்லைன்னு ஆளக் கொறைக்கறதாக் காட்டலாமுங்களா?"ன்னேன். "காட்டலாம், ஆனாக் கடைசியா வந்தவர்தான் மொதல்ல போகோணும். இவரு எப்ப வந்தாரு?"ன்னாங்க. இவன்தான் எல்லாத்துக்கும் முன்னாடி வந்தவனாச்சே! அத்தன பேரையும் அனுப்பிட்டுக் கடைசியில நானும் அவனும் மட்டும் களத்துல நிக்கறதா? எந்திரிச்சு வந்துட்டனுங்க.

உங்ககிட்டச் சொல்லறனுங்க. நீங்க கும்பகோணம். பழனியில எறங்கிப் போயிட்டா உங்க மூஞ்சிய நான் பாக்கப் போறதில்ல, எம்மூஞ்சிய நீங்க பாக்கப் போறதில்ல.

கோடை மழை சொல்லிட்டு வராதுங்க. சித்திரையில ஒரு மத்தியானம், பளிச்சுனு வெயிலடிச்சுட்டு இருந்தது. களம் பூராவும் கொப்பரை காயுது. மளார்னு வானம் கருத்து, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள கொட்ட ஆரம்பிச்சிருச்சு. கொப்பரை நனைஞ்சா அவ்வளவுதானுங்க, பூசணம் புடிச்சு மாட்டுக்குக்கூட ஆகாது. அதனால மழைன்னா எங்க களத்துல ஒரே சட்டம். அவனவன் கொப்பரை பரப்புன பாத்திக்கு அவனவன் தார்ப்பாய இழுத்து மூடோணும். அப்பன் செத்தான்னு சேதி வந்தாலும் மூடிட்டுத்தான் போகோணும். அந்தச் சட்டத்தப் போட்டதே நான்தான்.

மொத நாள் சம்பந்தி வீட்டு விருந்து. பாயசத்த ரெண்டாந்தரமும் வாங்கிக் குடிச்சுப்போட்டேன். காலையிலிருந்தே வயிறு சரியில்ல. மழையப் பாத்ததும் ரூம்ல இருக்க மனசு கேக்காம, "இழுங்கடா, மூடுங்கடா"ன்னு சத்தம் போட்டுக்கிட்டுக் களத்துக்குள்ள ஓடுனேன். யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க. சிமெண்டுத் தரையில எண்ணெய்ப் பிசுக்கு, மேல தண்ணி. மல்லாக்க விழுந்தனுங்க. இடுப்புல இடி எறங்குன மாதிரி. எந்திரிக்க முடியல. அப்பறம்... அப்பறம் வயிறு எம்பட பேச்சக் கேக்கலீங்க. வெள்ளை வேட்டி. நடுக்களம். சுத்தியும் ஆம்பளையும் பொம்பளையும். நல்லவேளை, மழையில அத்தன பேரும் குனிஞ்சு தார்ப்பாய இழுத்துட்டு இருந்தாங்க.

அவன் ஒருத்தன்தான் பாத்தான். தார்ப்பாயப் போட்டுட்டு ஓடி வந்தான். தோள்ல இருந்த துண்ட எடுத்து எம்மேல போத்துனான். ரெண்டு கையிலயும் வாரி எடுத்தான், இந்த எடைய எப்படித் தூக்குனான்னு பாக்கறீங்களா, பையனத் தூக்கிப் பழகுன கையிங்க. பாய்லர் ரூமுக்குப் பின்னால ஒரு தண்ணித்தொட்டி இருக்குது. அங்க கொண்டு போயிக் கதவச் சாத்தித் தாப்பாப் போட்டான். கழுவிவுட்டான். எல்லாத்தையுமுங்க. அவனோட மாத்து வேட்டிய எனக்குக் கட்டிவுட்டான். அவன் டம்ளர்ல தண்ணி குடுத்தான், குடிச்சேன்.

கழுவறப்போதான் அந்த வார்த்தையச் சொன்னான். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, ஆச்சு, ஆயிப்போச்சு கண்ணு." என்னையப் பாத்துங்க! அவனுக்குச் சம்பளம் குடுக்கற மொதலாளிய! எங்க பக்கத்துல கொழந்தைகளத்தானுங்க "கண்ணு"ன்னு கூப்புடுவோம். எனக்குப் பேரன் இருக்கறான். நீங்களே சொல்லுங்க, இது மரியாதையா? வக்கீலம்மாகிட்ட இத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லட்டும்?

வெளிய வந்து எல்லாருகிட்டயும், "மொதலாளி சேத்துல வழுக்கிட்டாருங்க, மேலெல்லாம் சேறு"ன்னான். ஒருத்தருக்கும் தெரியாது. மறுநாள் எம்பட வேட்டியத் தொவைச்சு, நீலம் போட்டு, மடிச்சுப் பேப்பர்ல சுத்தி மேசை மேல வெச்சுட்டுப் போனான். "ஒடம்பு பரவால்லீங்களா?"ன்னு மட்டுந்தான் கேட்டான். எனக்கு மேலெல்லாம் எரிஞ்சுதுங்க.

அன்னையிலிருந்து அவன நேருக்கு நேராப் பாக்க முடியல. களத்துல அவன் சிரிச்சா, என்னையத்தான் சொல்லிச் சிரிக்கறான்னு தோணும். மேஸ்திரியக் கூப்புட்டு, "அம்மாசை அன்னைக்கு என்னடா சொன்னான்?"னு ஜாடையாக் கேட்டேன். "நீங்க சேத்துல வழுக்கிட்டதாத்தானுங்க சொன்னான்"னான். வெளிய சொல்லியிருந்தாக்கூடத் தேவலைங்க, அதையே குத்தமா எழுதி அனுப்பியிருப்பேன். சொல்லாம மனசுக்குள்ளயே வெச்சிருந்தான் பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. ஒவ்வொரு தரமும் அவன் குனிஞ்சு கும்புடறப்போ, நான் அம்மணமா நிக்கற மாதிரி இருக்கும்.

அப்பத்தான் மேஸ்திரி இன்னொண்ணு சொன்னான். "அன்னைக்கு மழையில எல்லாப் பாத்தியும் தப்பிச்சுதுங்க. அம்மாசை பாத்தி மட்டுந்தான் நனைஞ்சு பூசணம் புடிச்சிருச்சு. எங்கயோ போயிட்டான்."

எனக்குப் பொறி தட்டுச்சு. அடுத்த பஸ்ஸப் புடிச்சு வக்கீலம்மாகிட்ட ஓடுனேன். "இது நிக்குமுங்க. வேலை நேரத்துல சொல்லாம எடத்த விட்டுப் போயிருக்கறாரு, அஜாக்கிரதை, சரக்குச் சேதம். ஆமா, எதுக்குப் போனாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"ன்னாங்க. "தெரியாதுங்க"ன்னேன்.

அப்படிப் பாக்காதீங்க. விட்டுட்டுப் போனது நெசந்தானுங்களே? காகிதத்துல பொய்யா ஒரு எழுத்து இல்லீங்க.

விசாரணைய எங்க ஆபீஸ் ரூம்லயே வெச்சாங்க. வக்கீலம்மா அனுப்புன பெரியவர் ஒருத்தர், ரிட்டயரானவர், நடுவுல உக்காந்தார். அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மாசை. மேஸ்திரி வந்து சாட்சி சொன்னான். ஜன்னல் பூராவும் தலை. களத்துப் பொம்பளைக, லோடுமேன் சிவராசு, எல்லாரும் எட்டிப் பாத்துட்டு நிக்கறாங்க. பெரியவர், "உங்களுக்குத் துணையா ஒரு தொழிலாளிய வெச்சுக்கலாமுங்க"ன்னார். "வேண்டாமுங்க"ன்னான். "பாத்திய மூடாமப் போனீங்களா?" "போனனுங்க." "எங்க போனீங்க?"

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. மடையன், இத நான் யோசிக்கவேயில்லீங்களே! கொப்பரை, சேதம்னு எழுதறப்போ, எங்க போனேன்னு ஒருத்தன் கேப்பான், இவன் வாயத் தொறந்து சொல்லுவான்னு எம்பட மண்டைக்கு எட்டல. குழிய நானே வெட்டி நானே பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கறேன். அவன் தலையத் தூக்கி என்னைய ஒரு பார்வை பாத்தான். நான் மேசையில இருந்த பேப்பர் வெயிட்டப் பாத்தேன்.

"வயிறு செரியில்லாமப் போச்சுங்க"ன்னான். "அடக்க முடியலீங்க. வேட்டியிலயே... அதான் தொட்டிப் பக்கம் ஓடிட்டனுங்க."

ஜன்னல்ல ஒருத்தி வாயப் பொத்திக்கிட்டுக் களுக்குனா. சிவராசு பலமாச் சிரிச்சான். அப்பறம் எல்லாருமே சிரிச்சாங்க. அந்தப் பெரியவர்கூட மீசைக்குள்ள சிரிச்சார்.

நானும் சிரிச்சனுங்க.

ஆமாங்க, சிரிச்சேன். சிரிக்காட்டி என்னையச் சந்தேகப்படுவாங்களோன்னு ஒரு பயம். அவன் சிரிக்கல. தரையப் பாத்துக்கிட்டு நின்னான். எம்பட அசிங்கத்த எடுத்து அவன் தலையில ஊத்திக்கிட்டான், நான் எதுத்தாப்புல உக்காந்து பல்லக் காட்டுனேன். நெனைச்சா இந்தப் பல்லையெல்லாம் தட்டிப்போடலாம்னு வருதுங்க.

வெண்ணெ தெரண்டு வர்றப்போ தாழி ஒடைஞ்ச கதையாப் போச்சு. பெரியவர் "குற்றம் நிரூபணமாகல"ன்னு எழுதிட்டார். வக்கீலம்மாவும், "ஒடம்புக்கு முடியாம ஓடுனத ஒழுங்கீனம்னு சொல்ல முடியாதுங்க, விட்ருங்க"ன்னுட்டாங்க. சட்டப்படி அவன் ஜெயிச்சுட்டான்.

ஆனாக் களத்துல சட்டம் எங்கீங்க இருக்குது? சிவராசுதான் அவனுக்கு "அவசரம்"னு பேரு வெச்சான். அவனும் அம்மாசை ஊருக்காரன்தான், கருக்கம்பாளையம், அதனால அந்தப் பேரு ஊருக்கும் போயிருச்சு. வேலைக்கு வந்தா "அவசரம் வந்துருச்சு"ம்பான். டீ குடிக்கறப்போ, "பாத்துக் குடி அவசரம்"பான். பொம்பளைக மூக்கப் புடிச்சுக்குவாங்க. அம்மாசை கொப்பரையத் தள்ளிக்கிட்டே இருப்பான். ஒரு நாள், அவன் சட்டை மாட்டற ஆணியில சிவராசு ஒரு துணியத் தொங்கவுட்டான். கைக்கொழந்தைக்கு இடுப்புல கட்டுவாங்களே, அந்தத் துணி. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. அம்மாசை வந்தான், பாத்தான். அந்தத் துணிய எடுத்து, நாலா மடிச்சு, கையால நீவி, பைக்குள்ள வெச்சுக்கிட்டுப் போனான். அதோட வரலீங்க.

நான் எடைமேடை ரூம்ல ஜன்னலுக்கு உள்ளதான் இருந்தேன். ஒரு அதட்டுப் போட்டிருந்தா அத்தன பேரும் அடங்கியிருப்பானுக. போடல.

அப்பறந்தான் வக்கீலம்மா போன் பண்ணாங்க. "இப்ப உங்களுக்குக் காரணம் கெடைச்சிருச்சுங்க. சொல்லாம வேலைக்கு வரல, வரச்சொல்லி அனுப்புன தபாலுக்கும் பதிலில்ல. வேலையக் கைவிட்டதா நீக்கிரலாம். வந்து கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. அதுக்குத்தான் இன்னைக்குப் போறனுங்க. அமாவாசை, களத்துக்கு லீவு. எம்மேல ஒரு தப்பும் இல்லீங்க, சட்டப்படி. அவனாத்தான் நின்னுக்கிட்டான். அவனாத்தான்.

தூங்கறீங்களா? இல்லீங்களா. நான் தூங்கி வெகுநாளாச்சுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லாம வுட்டுட்டேன். தொட்டியில அவன் கண்ணுன்னு சொன்னப்போ எனக்குக் கோவம் வரலீங்க. கோவமெல்லாம் பொறவு வந்ததுதான். அப்ப நான் அழுதேன். அவன் கழுத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, விம்மி விம்மி அழுதேன். எங்கம்மா நான் பள்ளிக்கூடம் போறப்பவே செத்துட்டா. அவளுக்கப்பறம் என்னைய ஒருத்தரும் அப்படிக் கூப்புட்டதில்லீங்க. பொண்டாட்டி கூப்புட்டதில்ல, புள்ளைகளுக்கு நான் காசு காய்க்கற மரம். "ஆயிப்போச்சு கண்ணு"ன்னு அவன் முதுகத் தட்டிக் குடுக்கக் குடுக்க எனக்கு அழுகை நிக்கல. அதுதானுங்க வெக்கம். வேட்டிய நனைச்சதுகூட இல்ல.

ஏனுங்க, எந்த ஸ்டாப்பிங்குங்க இது? ஐயோ, கருக்கம்பாளையம் பிரிவு! ஜன்னல் பலகைய எறக்குங்க, எறக்குங்க. நிக்கறான் பாருங்க, சோத்துத் தூக்குப்போசியோட, அன்னைக்கு எம்மேல போத்துன அந்தக் கட்டம் போட்ட துண்டு. அவன்தான். தாராபுரத்துல யார் கடைக்கோ மட்டை உரிக்கக் கூலிக்குப் போறான்னாங்க. அவன் பின்னாலயே ஏறறான் பாருங்க, சிவராசு. கூட ரெண்டு மூணு எளவட்டம். நல்லவேளை, முன்படியில ஏறறாங்க, நான் இருக்கறது தெரியாது. மெதுவாப் பேசுங்க.

கேட்டுச்சுங்களா? "டிரைவரண்ணா, அவசரம் ஏறியிருக்குது, வழியில நிப்பாட்ட வேண்டி வரும்"ங்கறான். பஸ்ஸே சிரிக்குது. கண்டக்டருஞ் சிரிக்கறார். என்ன ஏதுன்னு தெரியாதவங்களுஞ் சிரிக்கறாங்க. பக்கத்துல உக்காந்திருந்த அந்தப் பொம்பளை சேலைய இழுத்துக்கிட்டுத் தள்ளி உக்கார்றா பாருங்க. அவன் கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தரையப் பாத்துட்டு நிக்கறான். அன்னைக்கு ரூம்ல நின்ன மாதிரியே.

நான் சிரிக்கலீங்க. பாத்துக்கங்க, நான் சிரிக்கல.

காலக் கொஞ்சம் நவுத்துங்க. எந்திரிக்கோணும். இல்லீங்க, தாராபுரம் வரல, தெரியும். இந்தக் கம்பி எங்கீங்க... ஆங்.

டேய் சிவராசு! வாய மூடுறா. ஆமாண்டா, நான்தான். ஏப்பா கண்டக்டர், அந்த விசில நிப்பாட்டு. அம்மாசை, இங்க வா. இப்படி வந்து எம்பட எடத்துல உக்காரு. உக்காருன்னா உக்காரு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், தலைய ஆட்டாதே, நீ சொன்னதெல்லாம் போதும். எல்லாருங் கேளுங்க. கேட்டுட்டு அப்பறஞ் சிரிங்க. அன்னைக்குக் களத்துல வயிறு கெட்டு விழுந்து கெடந்தவன் நான். கொப்பரைய விட்டுட்டு ஓடியாந்து, என்னைய வாரியெடுத்துக் கழுவிவுட்டவன் இவன்.